பஞ்சம்மாளின் தூக்கம்

கொடியில் தொங்கும் திராட்சைக் கொத்து ஒன்றைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் பஞ்சம்மாள். உடம்பில் அனல் ஏறும்போதெல்லாம் இப்படித்தான். சுருளிப்பட்டித் தோட்டத்துப் பந்தலுக்குள் வெயில் பச்சையாகத்தான் இறங்கும். அந்த வெளிச்சத்தில் தண்ணீருக்கடியில் நிற்பவர் போலத் தெரிவார். பழுதான காய்களை வெட்டி எடுக்கும் கத்தரி மட்டும் கையில் விழித்திருக்கும்.

வயது நாற்பத்தொன்பது. மாதவிலக்கு நின்று ஒரு வருடமாகிறது. "ஒடம்புக்குள்ள யாரோ அடுப்பெரிக்கிறாக. யாருன்னுதான் தெரியல" என்பார். முந்தானையை நனைத்துப் போட்டுக்கொண்டு அனலைச் சமாளித்துவிடுகிறார். தூக்கம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. நின்றபடியே கண்ணயர்ந்து, நல்ல கொத்தை இரண்டு முறை வெட்டிப் போட்டுவிட்டார். இன்னொரு முறை நடந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபஷீலாதான் சோயாவைச் சொன்னார். பெண்ணுடம்பில் குறைந்துபோன சுரப்புக்குக் கொஞ்சம் சாயலான சத்து அதில் உண்டாம். சிலருக்கு அனல் தணியும், சிலருக்குத் தணியாது, இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கவேண்டுமாம். எதிர்வீட்டுக்காரனான எனக்குப் பஞ்சம்மாள் அதை விளக்கிய விதமே தனி. "மொதலாளி ஊருக்குப் போயிட்டா மேஸ்திரி நின்னு பாத்துக்கிடுவாகள்ல, அது மாதிரியாம். மேஸ்திரி சொல்லு எம்புட்டு எடுபடும்னு பாப்பம்."

கணவர் சுருளியாண்டிக்குக் கோழிப்பண்ணையில் வேலை. சோயாவை அவர் தீவன மூட்டையில்தான் பார்த்திருக்கிறார். பஞ்சம்மாள் தினமும் சோயாவை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் குடிக்கத் தொடங்கியதும், பெண்டாட்டி கோழித் தீவனம் குடிக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேலை மிச்சமென்று, தினமும் போடும் தைராய்டு மாத்திரையைச் சோயாப் பாலோடு சேர்த்து விழுங்கி, ஜெபஷீலாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேராதாம். அதிலிருந்து மாத்திரை விடியலில், பால் மத்தியானம் பந்தலுக்கடியில்.

ஆட்களை ஏற்றிப்போகும் ஆட்டோ ஆறு மணிக்கு வரும். மாடியிலிருந்து நான் ஐந்துக்கே எட்டிப் பார்த்தாலும், பஞ்சம்மாள் ஈரத்தலையோடு வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்துவிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தூங்குனாத்தான சார் எந்திரிக்கணும்" என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

இப்படியே இரண்டரை மாதம் போனது. போன வியாழக்கிழமை ஆட்டோ வந்தபோது வாசலில் அவர் இல்லை. ஏதோ ஆகிவிட்டதென்று பதறி நான் கீழே இறங்கினேன். ஓட்டுநர் ஹார்னில் கை வைத்தார். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து சுருளியாண்டி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். வலது கையில் முழங்கைவரை அரைத்த சோயா மாவு. "தூங்குறா" என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, அந்த மாவுக் கையாலேயே ஓட்டுநரின் கையை ஹார்னிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.