பாறை மேல் நடந்த வழக்கு

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்ப் பாறை மேல் நான் ஆடினேன். ஆமாம், ஆட்டம்தான்! ஒரு முழங்கால் ரிப்பேர்... இருக்கட்டுமே. பேத்தி வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்றால் கையைக் கட்டிக்கொண்டா நிற்பார்கள்?

எழுத்து எனக்கு வராது என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கோகிலாதான் எழுதுகிறாள். "ஆடல ஆயா, வழுக்குச்சு" என்கிறாள் இப்போது. சொன்னதை எழுதுடி!

சட்டக் கல்லூரியில் சீட் கிடைத்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் ஐந்து மணிக்குள் போனில் ‘சேர்கிறேன்’ என்று பட்டனை அமுக்க வேண்டும். இல்லையென்றால் சீட் வேறு யாருக்கோ போய்விடும். இதற்கு நடுவில் ஒரு மலை நின்றது — என் மகன் சடையன். கோகிலாவின் அப்பன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகள் நர்ஸாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பா சரி சொல்லாமல் அமுக்க மாட்டேன் என்று இவள்.

எங்கள் ஊரில் டவர் கிடைப்பது அந்தப் பாறை மேல்தான். அங்கே ரகசியம் ஏது? பக்கத்தில் டவுன் ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"ஆயா, எனக்காக நீ பேசு. உன் பேச்சத்தான் அப்பா கேக்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்த போனை வாங்கினேன்.

"சடையா, சாப்ட்டியா? இங்க நல்ல மழடா. சாமை மொளச்சிருக்குது. கருப்பாடு ரெண்டு குட்டி போட்டுச்சு..."

கோகிலா என் முந்தானையை இழுத்தாள்.

"ஆங், புள்ள வக்கீலுக்குப் படிக்கணுங்குது. எனக்கும் மொதல்ல நர்சுதான் நல்லதுன்னு தோணுச்சு..."

"பாத்தியா, நீயே சொல்ட்ட! நர்சுதான்!"

மீதியை அவன் கேட்டால்தானே? பாறையே சிரித்தது. கோகிலா சிரிக்கவில்லை.

"புளியமரத்துக்கு சின்னத் தாத்தா பண்ணாரே, அதையே பண்ட்ட ஆயா!"

அது பத்து வருஷத்துக் கதை. பக்கத்துக்காரர் நிலத்தின் ஓரத்தில் ஒரு புளியமரம். நட்டவர் என் வீட்டுக்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி நிலம் வேறு, மரம் வேறு; நட்டவர் வீட்டுக்குத்தான் பழம். அவர் போன பிறகு, பழமும் தனக்கே என்றார் பக்கத்துக்காரர். வழக்கு ஊர்க்கூட்டத்துக்குப் போனது. அங்கே பெண்கள் வாய் திறக்கக் கூடாது. வீட்டு ஆம்பளைதான் பேச வேண்டும். என் கொழுந்தனாருக்கு, அதாவது இவளுடைய சின்னத் தாத்தாவுக்கு, மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். எழுந்தார். "மரம் அவங்க நெலத்துலதான் நிக்குதுங்க..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். உட்கார்ந்துவிட்டார்! யார் நட்டது என்று சொல்லவே இல்லை. மரம் போச்சு.

எட்டு வயசுக் கோகிலா அன்றைக்கு என்னைக் கேட்டாள்: "வாய் உனுக்குதான இருக்குது? சின்னத் தாத்தா ஏன் பேசுச்சு?"

அன்றைக்குப் பிடித்ததுதான் அவளுக்கு வக்கீல் பைத்தியம். நான் ஜெயித்திருந்தால் இவள் நர்ஸாகியிருப்பாளோ என்னவோ!

சரி, பாறைக்கு வருவோம். மணி நாலே முக்கால். போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அப்பா, மெஷின்ல உன் விரல் மாட்டுச்சே, கட்டு போட நர்சு இருந்தாங்களா?"

"இருந்தாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

"‘எல்லாம் என் தப்புதான்’னு மேஸ்திரி உங்கிட்ட எழுதி வாங்கிக்கினாரே... அப்ப உன் பக்கம் பேச யாருப்பா இருந்தாங்க?"

டவர் போய்விட்டதோ என்று பதறி, போனை என் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பட்டன் எங்க இருக்குது?" என்றான் மெதுவாக. "அமுக்கச் சொல்லும்மா."

அமுக்கினாள். நான் ஆடினேன். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். ஜீப் அரை மணி லேட்... ஒருத்தரும் திட்டவில்லை!

நமக்காக இன்னொருவர் நன்றாகப் பேசுவார் என்று எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்?

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வீட்டில் என் பாடு திண்டாட்டம். நேற்று குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றேன். "சாட்சி இருக்குதா ஆயா?" என்கிறாள்!