தேயிலை போடாத கோப்பை

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரி... டேஸ்டிங் ரூம் கதவைத் திறந்தாலே புதுத் தேயிலை வாசனை மூக்கில் ஏறும். அங்கே கோப்பை கழுவி, கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவைத்து ஊற்றுவதுதான் என் முதல் வேலை.

ஒரு மழைக்காலத்தில் அந்த வாசனையோடு யூகலிப்டஸ் தைல நெடியும் சேர்ந்து வந்தது. மேனேஜர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பினார்.

"கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க கையில தைலம் தேய்ச்சுட்டு வர்றாங்க. இனிமே தேய்ச்சவங்களுக்கு வேலை கிடையாது."

என் அம்மாவும் கொழுந்துதான் எடுத்தார். குளிரில் விறைக்கும் விரல்களுக்குத் தைலம் தேய்க்காமல் அவர் மலைக்குக் கிளம்பியதே இல்லை.

தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கக் கோயமுத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த டீ மேக்கர் சார்தான் மூக்கடைத்த குரலில் குறுக்கே பேசினார்.

"ஏனுங்க சார், ஒருக்கா சோதிச்சுப் பாத்துப்போட்டு முடிவு பண்ணலாமுங்க."

மறுநாள் யாரும் தைலத்தைத் தொடவில்லை. சாயங்காலம் அம்மா விரலை மடக்க முடியாமல் வந்தார்.

"எங்க கையில ஒன்னுமில்லைன்னு தெரியட்டும் புள்ள..."

அந்தக் கொழுந்தைத் தனியாக அரைத்து, காயவைத்து, அடுத்த நாள் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினோம். அதே நெடி!

"நமக்குத் தெரியாமத் தேய்ச்சிருப்பாங்க" என்றார் மேனேஜர்.

அழுகையை அடக்கிக்கொண்டு கோப்பைகளை எடுக்கப் போனேன். சட்டென்று ஒன்று தோன்றியது. தேயிலையே போடாமல், வெறும் வெந்நீரை ஒரு கோப்பையில் ஊற்றி முகர்ந்தேன்... தைலம்!

"சார்... இதுல தேயிலையே இல்லைங்க சார்."

மேனேஜர் முகர்ந்தார். கெட்டிலையும் முகர்ந்தார். டீ மேக்கர் சார் முகரவில்லை, அந்த மூக்கில் எதுவும் ஏறாது. கெட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றவரின் முகம் மெல்லச் சிவந்தது.

"நான்தானுங்க... சளிக்குத் தைல மரத்து இலையைப் போட்டு, இதுலதானுங்க ஆவி புடிச்சேன்."

மேனேஜரே சிரித்துவிட்டார். அப்பாடா... எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மலைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அவரு மூக்குல சளின்னா எங்க கைக்கா தண்டனை?" என்று சிரித்தார் அம்மா. பிறகு, "நல்ல மனுசன்... மறைச்சிருக்கலாம்ல" என்று சொல்லிக்கொண்டே தைல பாட்டிலைத் திறந்தார்.

இப்போது நான் கோயமுத்தூரில் ஒரு லேபில் இருக்கிறேன். தினமும் காலையில், கோளாறு மெஷினிலேயே இருக்கிறதா என்று பார்க்க, முதலில் அதில் வெறும் தண்ணீரைத்தான் ஓட விடுகிறோம். அதற்கு பிளாங்க் என்று பெயராம்! திரையில் ஒன்றும் வராவிட்டால் இன்றைக்கும் அதே அப்பாடாதான்.

என்றாவது ஏதாவது வந்துவிட்டால் மெஷின் "எரர்" என்று காட்டும். முகம் சிவந்து "நான்தானுங்க" என்று அது ஒரு நாளும் சொன்னதில்லை.