வாண்டா திறந்த கதவு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் எங்கள் மாவட்டச் சிறையின் விடுதலைப் பிரிவில் பத்தொன்பது வருடம் எழுத்தராக இருந்தவள் வாண்டா ட்ரூஸ்டெல். அடுத்த மேசை என்னுடையது. தேர்தல் பேச்சு எழுந்தால் காபி எடுக்கப் போய்விடுவாள். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வருபவர்களைப் பிடிக்கும் எல்லைக் காவலில் அவள் தம்பியே இருந்தான்.

அந்த அக்டோபர் காலையில், உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதாகப் பிடிபட்ட யுசேபியோ குக் என்ற பேரிக்காய்த் தோட்டத் தொழிலாளியை நீதிபதி விடுவித்தார். பின்னாலேயே மத்தியக் குடியேற்றத் துறையின் தாளும் வந்தது. தாங்கள் வரும்வரை ஆளை நிறுத்தி வைக்க வேண்டுமாம். வர நாற்பது நிமிடம் ஆகுமாம்.

வாண்டா அதை இரண்டு முறை படித்தாள். அந்தத் துறை அதிகாரியின் கையெழுத்துதான் இருந்தது, நீதிபதியுடையது இல்லை. அப்படிப்பட்ட தாளுக்காக யாரையும் பிடித்து வைக்கக் கூடாது என்பது எங்கள் மாநிலச் சட்டம்.

சார்ஜண்ட் ஹோல்கம் அவள் மேசைமேல் குனிந்தார்.

“கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடு வாண்டா. அரை மணிதானே, யாரு கேக்கப்போறா?”

“அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா சார்ஜண்ட்?”

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். வாண்டா குக்கின் விடுதலைத் தாள்களைத் தயார் செய்வதைத் தொடர்ந்தாள். வழக்கமான நேரம்தான் எடுத்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குள் அரை மணி ஓடிவிட்டது.

குக் முன்கூடத்துக்கு வந்தார். சிறைக்குள் வந்தபோது வாங்கி வைத்த பெல்ட், போன், பூட்ஸ் கயிறு எல்லாம் இருந்த பையை வாண்டா கொடுத்தாள்.

“இங்க உக்காந்து கட்டிக்கலாமா மேடம்?”

“கட்டிக்கோங்க.”

ஒவ்வொரு துளையாக, நிதானமாகக் கோத்தார். சீக்கிரம் போங்கள் என்று அவளால் சொல்ல முடியாது. எச்சரித்தால் மத்திய அதிகாரிகளின் வேலையைத் தடுத்த குற்றம் அவள்மேல் விழும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஏதோ வண்டி நின்றது. ரொட்டிக்காரன்.

குக் எழுந்து நன்றி சொன்னார். வாண்டா பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. வெளியே காத்திருந்த தன் அக்காவின் வண்டியில் ஏறிப் போனார். ஐந்து நிமிடம் கழித்து மத்திய அதிகாரிகள் இருவர் உள்ளே வந்தார்கள்.

ஹோல்கம் அவள்மேல் புகார் எழுதினார். மூன்று வாரம் விசாரணை. தினமும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். கடைசியில் மாவட்ட வழக்கறிஞர், அவள் செய்ததில் தவறில்லை என்று எழுதினார்.

அன்று என்ன நினைத்தாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டாவது பூட்ஸை எடுத்தார் பாரு, அப்ப கத்திடுவேனோன்னு பயந்துட்டேன்” என்றாள்.