இடது கைக்கு ஏற்ற கீபோர்டு

போன மாதம் திருச்சானூரில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது என் மனைவி வசந்தா தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

அவள் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவள். நகரி ஊர்க்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தமிழிலும் தெலுங்கிலுமாகப் பத்திரிகை கேட்டிருந்தார். அந்த வாரமே பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். வேறு யாருக்காவது கைமாற்றிவிடலாமே என்றேன்.

"கை தான ஒடஞ்சிது? கண்ணும் மூளையும் நல்லா தான கீது" என்றாள். "சும்மா குந்திக்கினு இருந்தா தான் எனக்கு இன்னும் நோவும்."



மவுஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு, அதே கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பெண்ணின் தாத்தா பெயர் முடிவதற்குள் காபி ஆறிப்போனது. பார்க்கப் பாவமாக இருந்தது... பாவம் என்று வாய்விட்டுச் சொன்னால் எனக்குத்தான் ஆபத்து.

அவள் டிசைன் செய்யும் சாஃப்ட்வேரில் ஷார்ட்கட்களை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாத்திரை போட்டு அவள் தூங்கியபோது நானே உட்கார்ந்தேன். வலது கைக்கான வேலைகளை எல்லாம் இடது பக்க கீகளுக்கு மாற்றினேன். சேவ் செய்ய ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே டெலீட். வரிசை அழகாகத்தான் இருந்தது!

எழுந்து வந்து வேலையைத் தொடங்கினாள். சற்று நேரத்தில் கூப்பிட்டாள்.

"பொண்ணு ரெடி. மண்டபம் ரெடி. மாப்பிள்ளய மட்டும் காணோம்."

சேவ் செய்யப்போன விரல் டெலீட்டில் விழுந்திருக்கிறது. அன்டூ போட்டு மாப்பிள்ளையை மீட்டோம். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"எங்கிட்ட கேட்டுட்டு வெச்சிருக்கலாம்ல? வெரல் என்து தான?"

சரி என்று மறுபடி உட்கார்ந்தோம். அவள் கண்ணை மூடி, இடது கையைக் கீபோர்டில் வைத்து, எந்த விரல் எங்கே சுலபமாகப் போகிறது என்று சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். டெலீட் தூரமாய் ஒதுங்கியது. தமிழுக்கு ஒரு கீ, தெலுங்குக்கு ஒரு கீ. 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்ற முழு வாக்கியத்துக்கும் ஒரே தட்டு. இத்தனை வருடமாக அவள் வேலை செய்வதைப் பார்க்கிறேன். அவள் விரல்களைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்திரிகை குறித்த நாளில் பிரஸ்ஸுக்குப் போனது. நகரிக்காரர் போன் செய்து, சாலா பாகுந்தி, ரொம்ப நன்றாயிருக்கிறது என்று தெலுங்கில் இரண்டு தரம் சொன்னார். போனை வைத்த பிறகும் வசந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று கட்டுப் பிரித்தார்கள். பழைய ஷார்ட்கட்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்றேன்.

"அப்டியே இருக்கட்டும். இப்போ தான் வேல சுருக்கா முடியுது" என்றாள்.

உண்மைதான். ஒருவருக்காகச் செய்வது வேறு, அவரைக் கேட்டுச் செய்வது வேறு – இரண்டாவதுதான் நிலைக்கிறது போலிருக்கிறது.

ஒரே ஒரு சங்கடம்... மிச்சமாகும் நேரத்தில் என்னைத் திருத்த ஆரம்பித்திருக்கிறாள்.