காமாலைக்குப் பறித்த கீழாநெல்லி

கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறேன்; பட்டையைச் சீவிப் பால் இறக்கும் வேலை. சென்ற மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அன்றோடு கள்ளை நிறுத்தினேன். எண்ணெய்ப் பண்டத்தைத் தொடவில்லை. தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து, எங்கள் வெள்ளாட்டின் பாலில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தேன். கண்ணில் மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றிலும் செடி தீர்ந்துபோகவே, ஒரு சாயங்காலம் ரப்பர் மரங்களுக்கு இடையே போய்க் கூடை நிறையப் பறித்து வந்தேன். இலைகள் ஈரமாக இருந்தன. தூறல் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை என் மனைவி ஒரு பிடி இலையை அரைத்து வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனாள். வெறும் செம்போடு திரும்பி வந்தாள்.

“ஆடு செத்துக் கெடக்குங்க. கூடையில பாதி எலையக் காணோம்.”

விஷயம் கேட்டுக் கங்காணி வந்தார். “நேத்து லாலான் புல்லுக்கு வெசத்தண்ணி தெளிச்சோம்லா. அந்தப் பக்கம் போவாதீங்கன்னு பெரட்டுல சொன்னேனே.”

காலையில் ஆள் கூப்பிடும் அந்தப் பெரட்டுக்கு, நோயாளியான நான் போகவில்லை.

கைவைத்தியமே வேண்டாம் என்றார்கள் பலர். நான் விடவில்லை. லயத்தின் பின்னால் பாத்தி கட்டிக் கீழாநெல்லியை நானே வளர்க்கிறேன். பாத்திக்கு வெளியே ஓர் இலையைக்கூடக் கிள்ளுவதில்லை. உடம்பு தேறி வேலைக்கும் போகிறேன்.

ஆட்டுப்பால்தான் இல்லை. மோரில் கலந்து குடிக்கிறேன்.