தேடாத சொல்லுக்கு ஒரு பெட்டி

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. மேசையில் இரண்டு போன்கள். இரண்டும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒன்றில் ஒரு மெக்கானிக், மெஷினுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு மாடல் எண்ணைப் படிப்பார். இன்னொன்றில் வேறொருவர் "கொஞ்சம் சீக்கிரம்மா" என்று ஆரம்பிப்பார். இருவரையும் காக்க வைக்காமல், ஒருவருடைய எண்ணை இன்னொருவர் தலையில் கட்டாமல் அவள் சமாளிப்பதைப் பார்த்து மெக்கானிக்குகள் அவளுக்கு 'ரெண்டு காது' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலாளியே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அவள் கணினியின் பிரவுசரில், முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில், தேடுவதற்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. முதல் ஆளுக்காகக் கம்பெனிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவது ஆள் சொல்லும் எண்ணை அந்தப் பெட்டியில் தட்டி வைப்பாள். என்டரை அழுத்த மாட்டாள். எத்தனை பக்கம் தாவினாலும் அந்த எண் உட்கார வைத்த இடத்தை விட்டு அசையாத நல்ல பிள்ளையாக அங்கேயே இருக்கும். முதல் ஆளை அனுப்பிவிட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும், இரண்டாவது ஆளின் வேலை ஓடத் தொடங்கிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரவுசர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கோடு வந்து நின்றது. சின்னப் பெட்டியைக் காணோம். நடுவில் வாட்டசாட்டமாக ஒரே ஒரு பட்டை. "தேடல் புதிய வடிவில்! இனி எல்லாம் ஒரே இடத்தில்" என்று திரையில் வண்ணத் துணுக்குகள் பறந்தன. பெட்டி பெரிதாகியிருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்தாள். இரண்டாவது போன் அடிக்கும்வரை அந்த நினைப்பு நீடித்தது. எண்ணைத் தட்டி வைத்தாள், பக்கத்தை மாற்றினாள், எண் போன இடம் தெரியவில்லை.

"அண்ணே, அந்த நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"இப்பத்தானம்மா சொன்னேன்?" மறுமுனையில் இருந்தது குட்டை மெக்கானிக். ஊரிலேயே அதிகம் புலம்புகிறவர். "மறுபடியும் மெஷினுக்கு அடியில படுக்கணுமா?"

"கோச்சுக்காம படுங்கண்ணே."

"ஒரு காதை வாடகைக்கு விட்டுட்டியா என்ன?"

அந்த வாரம் முழுக்க யாராவது ஒருவர் படுத்து எழுந்துகொண்டே இருந்தார். காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். ஒரு கை போனைப் பிடித்திருக்க, மறுகை விசைப்பலகையில் இருக்க, பேனாவை எந்தக் கையால் பிடிப்பது? அவசரத்தில் கிறுக்கியது அவளுக்கே புரியவில்லை. கடைசியில் ஒரு சலவைக் கடைக்குப் போகவேண்டிய பம்ப் மாறிப் போய், அந்தக் கடைக்காரர் நனைந்த செருப்போடு, பம்பைக் கையில் தூக்கிக்கொண்டு நேராகவே வந்துவிட்டார். அவள் எழுந்து அதை வாங்கிக்கொண்டாள்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கொஞ்ச நாளைக்கு நீங்க பேக்கிங் பாருங்கம்மா. போனை நம்ம மச்சான் பாக்கட்டும்."

அவர் சொல்லும் 'கொஞ்ச நாள்' எவ்வளவு நீளம் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரு கணக்கரைக் கொஞ்ச நாளைக்கென்றுதான் கிடங்குக்கு அனுப்பினார். அவர் இன்றும் அங்கேதான் பெட்டி அடுக்குகிறார். போன் மேசை நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், அவள் குரலுக்காக யாராவது காத்திருந்தார்கள். அட்டைப்பெட்டிகள் யாருடைய குரலுக்கும் காத்திருப்பதில்லை.

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஹாரன் அடிக்கிற வேகத்தில்தான் பேசுவார்.

"எனக்கு அந்தப் புது பட்டை நல்லாத்தான் இருக்கு. பெருசா இருக்கு. கண்ணாடி போடாமலே தெரியுது."

"நீங்க தேடுறதுக்கு வச்சிருக்கீங்க அக்கா. நான் தேடாம இருக்கிறதுக்கு வச்சிருந்தேன்."

நாத்தனார் வேன் சாவியால் அவள் போனைச் சுட்டினார். "இதை அப்படியே அவங்களுக்கு எழுது. எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நானா அதைச் செஞ்சேன்?"

பயனர்கள் கருத்துச் சொல்ல அந்த பிரவுசர்காரர்கள் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அதைத் திறந்தாள். பாதிப் பேர் புதுத் தேடலைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள், மீதிப் பேர் தரையில் போட்டு மிதித்தார்கள். 'அழகு' என்றார் ஒருவர். 'சமையலறையில் யாரோ புகுந்து டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தது மாதிரி இருக்கிறது' என்றார் இன்னொருவர். இத்தனை பேருக்கு நடுவில் தன் சொல் எடுபடுமா, எழுத்துப்பிழை இருந்தால் சிரிப்பார்களா என்று எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள்.

"பொண்ணு பாக்கவா வர்றாங்க? அனுப்பு," என்றார் நாத்தனார்.

அனுப்பினாள். முதலில் வந்த பதிலே சுருக்கென்று தைத்தது: 'அது தேடல் பெட்டி. சாமான் போட்டு வைக்கிற பரண் இல்லை. ஒரு காகிதமும் பேனாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.'

நீக்கிவிடலாமா என்று விரல் பொத்தான்வரை போனது. பிறகு சலவைக் கடைக்காரரின் நனைந்த செருப்பு நினைவுக்கு வந்தது. நீக்காமல் கீழே எழுதினாள்: 'ஐயா, பேனா இருக்கிறது. ஒரு கையில் போன், ஒரு கை விசைப்பலகையில். மூன்றாவது கைதான் இல்லை. அந்தப் பெட்டிதான் எனக்கு மூன்றாவது கையாக இருந்தது.'

மறுநாள் பேக்கிங் மேசையில் டேப் ஒட்டிக்கொண்டே தன் கைபேசியைப் பார்த்தவள், கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் எழுத்துக்குக் கீழே ஒரு படையே திரண்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் ஒருவர், 'நானும் அப்படித்தான், அடுத்தவர் கேட்கும் மாத்திரைப் பெயரை அதில்தான் போட்டு வைப்பேன், வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது' என்றார். படங்களுக்கு வசனம் மொழிபெயர்க்கும் பெண், சரியான சொல் கிடைக்கும்வரை தவறான சொல்லை அதில் உட்கார வைப்பாளாம். ஒரு நூலகர், தம்மிடம் கோபமாகப் பேசியவர்களுக்குச் சொல்ல நினைத்த பதிலை அதில் தட்டிவிட்டு அழித்துவிடுவாராம். 'என் ரத்த அழுத்தமே அந்தப் பெட்டியில்தான் இருந்தது' என்று எழுதியிருந்தார். பரண் என்று கிண்டலடித்தவரும் திரும்பி வந்திருந்தார்: 'மூன்றாவது கைக்கு என் ஓட்டும் உண்டு.'

அதற்கும் கீழே, அந்தத் தேடலை மாற்றி அமைத்த குழுவிலிருந்தே ஒருவர்: 'தேடாதபோது பெட்டி காலியாக இருக்கிறது என்று எண்ணிவிட்டோம். நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா?'

சொன்னாள். உணவு இடைவேளையில், அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இங்கே போன் மேசையில் மச்சான் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். பாகங்களைப் பற்றி அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒருவரிடம் பேச ஆரம்பித்தால் அவர் வீட்டு நலம்வரை விசாரிக்காமல் விட மாட்டார். அதுவரை அடுத்த போன் அடித்து ஓய்ந்துவிடும். குட்டை மெக்கானிக் கடைக்கே வந்துவிட்டார். "உங்க மச்சான் நல்ல மனுஷன்தான் முதலாளி. எங்க மாமியாருக்கு முட்டி வலிக்கு மருந்துகூடச் சொன்னார். எனக்கு வேண்டியது பெல்ட்டு."

அடுத்த மாதம் பிரவுசரின் புதிய பதிப்பு வந்தது. 'தனித் தேடல் பெட்டி, விரும்புவோருக்கு மீண்டும். அதில் எழுதி வைத்த சொல், நீங்களே அழிக்கும்வரை அழியாது' என்று அதன் அறிவிப்பில் ஒரு வரி. அதன் அருகில், அந்த ஏற்பாட்டுக்குக் குழுவினர் தங்களுக்குள் வைத்திருந்த பெயர்: 'மூன்றாவது கை'.

கையில் டேப்போடு அப்படியே எழுந்து போய் முதலாளி முன் நின்றாள்.

"இன்னிக்குக் காலையில மட்டும் போன் மேசைய எனக்குக் குடுங்க. தப்புப் பண்ணா நானே பேக்கிங்குக்குத் திரும்பிடறேன்."

முதலாளி பதில் சொல்வதற்குள் மச்சான் எழுந்துவிட்டார். "உக்காருங்க அக்கா. நான் உயிரோட வீட்டுக்குப் போறேன்."

பிரவுசரைப் புதுப்பித்தாள். அமைப்புகளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

இரண்டு போன்களும் சேர்ந்து அடித்தன. ஒன்றை வலது காதில் வைத்தாள், மற்றதைத் தோளில் இடுக்கினாள். வலது காதில் அந்தச் சலவைக் கடைக்காரர், மறுபடியும் பம்புதான். தோளில் இருந்த குரல் மூச்சிரைக்க ஓர் எண்ணைச் சொல்லி முடித்தது. தட்டி வைத்தாள். பம்புக்காக மூன்று பக்கம் தாவி, சரியான எண்ணைப் பிடித்து, அலமாரிப் பக்கம் குரல் கொடுத்து, "அரைமணியில வந்துடும் சார்" என்று அவரை அனுப்பினாள். பெட்டியைப் பார்த்தாள். எண் அசையாமல் இருந்தது. என்டரைத் தட்டினாள்.

பின்னால் முதலாளி மச்சானிடம், "அவங்க பேக்கிங் வேலைக்கு வேற ஆளைப் பாரு" என்று சொல்வது கேட்டது.

தோளில் குட்டை மெக்கானிக்கின் குரல் பயந்து பயந்து வந்தது. "அம்மா, மறுபடியும் படுக்கணுமா?"

"வேண்டாம்ணே," என்றாள் ரெண்டு காது. "எந்திரிச்சு உக்காருங்க. உங்க நம்பர் எங்கிட்ட இருக்கு."