வரப்பில் ஒரு காலி நாற்காலி

கோடியக்கரைத் தென்னையெல்லாம் சாய்ந்த புயலுக்கு மறு வருஷத்து அறுப்பு. மகள் வீட்டுக்குப் போகிற வழியில், வலங்கைமான் தாண்டி ஒரு வயலில் கூட்டம். வரப்பில் குடை நட்டு, அதன் கீழே சாய்வு நாற்காலி போட்டிருக்கிறார்கள். பட்டணத்துப் பெண் ஒருத்தி அமைத்த கலைக்காட்சியாம், யாரும் உட்காரலாமாம்.

என் கை தானாகத் தோள்துண்டை இடுப்புக்கு இறக்குகிறது. அந்த நாளில் அறுப்பைப் பார்க்க மிராசுதார் இப்படி உட்கார்ந்தால், கூலியாட்கள் நாங்கள் அப்படித்தான் நிற்போம். நானும் அந்தக் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் என்னைப் படம் பிடிக்கிறது.

கதிர்க்கட்டு கட்டும் அம்மா சிரிக்கிறார். "காலி நாற்காலிக்கா பெரியவரே மரியாத? ஏறி உக்காருங்க."

"வயக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"நான்தாங்க வயக்காரி. எடம் குடுத்ததே நான்தான்."

துண்டைத் தோளில் போட்டு உட்காருகிறேன். அவர் குனியவில்லை, இடுப்பில் கைவைத்து என்னை வேடிக்கை பார்க்கிறார்.

அந்தப் பக்கம் என் வயசுக்காரர் யாராவது போனால் சொல்லுங்கள், துண்டு தோளிலேயே இருக்கட்டும்.